இன்னும் 5 டெசிபல்

2013 ஆகஸ்டு 21. மெட்டாலிக்கா கோலாலம்பூர் ஸ்டேடியம் மெர்டேக்காவில் வாசித்தார்கள். எனக்கு 16 வயது. டிக்கெட் வாங்கக் காசில்லை. பெரியம்மா மகன் அண்ணன் என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் ஜாலான் ஹாங் ஜெபாட் ஓரமாக நிறுத்தினார். எங்களைப் போலவே கறுப்புச் சட்டையில் நிறையப் பேர் மதிலுக்கு வெளியே நின்றார்கள். பாதி மலாய்ப் பையன்கள், நடுநடுவே நம் ஆட்கள். உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்பதில் வெளியே சண்டை. ஏனென்றால் எங்களுக்குக் கிட்டார் சரியாக வந்து சேரவில்லை, குரலும் காற்றடிக்கும் பக்கம் போய்விட்டது. தெளிவாக வந்தது அடியில் ஓடும் பேஸும் டிரம்ஸின் உதையும்தான். பேஸ் காதுக்கு வந்தது என்பதைவிட நெஞ்செலும்புக்கு வந்தது என்று சொல்ல வேண்டும்.

பிறகு பொறியியல் படிக்கும்போதுதான் காரணம் புரிந்தது. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அலைநீளம் அதிகம். அது மதிலை வளைந்து தாண்டும், காற்றில் சீக்கிரம் கரையாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாட்டு என்று தெரியாமலேயே நம் கண்ணாடி ஜன்னல் அதிர்வது அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் பழைய கேசட் ஒன்றை எடுத்துக் கேட்டேன். மெட்டாலிக்காவின் நான்காவது ஆல்பம், 1988-இல் வந்த ‘…அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’. அதில் பேஸே இல்லை. கேசட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தார். “கேசட் நல்லாத்தான்டா இருக்கு. அந்த ஆல்பமே அப்படித்தான்.”

அது ஏன் அப்படி என்ற கேள்வி கொஞ்ச நாளைக்கு ரசிகனின் ஆர்வமாக இருந்தது. இப்போது 28 வயதில், வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களான பிறகு, அது வேறு மாதிரி உறுத்துகிறது.

மெட்டல் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1986 செப்டம்பர் 27 அதிகாலை, சுவீடனில் மெட்டாலிக்கா பயணம் செய்த பேருந்து கவிழ்ந்தது. பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் அதே இடத்தில் இறந்துபோனார். வயது 24. குழுவில் அதிகம் இசை படித்தவர் அவர்தான். பேஸை முன்னணிக் கருவி மாதிரி வாசிப்பவர். மிச்சமிருந்த மூவருக்கும் 22, 23 வயது. அவர்கள் துக்கம் காக்கவில்லை. அடுத்த மாதமே புதிய ஆளைத் தேடி, ‘ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம்’ என்ற குழுவில் இருந்த ஜேசன் நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். நவம்பரில் மேடை ஏறிவிட்டார்கள்.

வந்தவனுக்குக் கிடைத்த பெயர் ‘நியூகிட்’, புதுப்பையன். ஜப்பானில் வசாபியைப் புதினா ஐஸ்கிரீம் என்று சொல்லித் தின்ன வைத்தது, அவன் காதுபடவே அவனைப் பற்றிக் கேவலமாகப் பேசியது என்று நிறையக் கதைகள் உண்டு. விடுதி வாழ்க்கை வாழ்ந்த யாருக்கும் இந்த ரேகிங் புதிதில்லை. ஆனால் இங்கே அது வருடக்கணக்கில் நீண்டது. கிளிஃபின் சாவில் வந்த கோபத்தையெல்லாம் ஜேசன்மேல் இறக்கிவிட்டோம் என்று அவர்களே பிற்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் 1988 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில் பதிவு தொடங்கியது. தயாரிப்பாளர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிளெமிங் ராஸ்முசென். ஜேசன் தன் பகுதிகளை ஒரு உதவி ஒலிப்பொறியாளரோடு மட்டும் உட்கார்ந்து வாசித்து முடித்தார். ‘இப்படி வாசி’, ‘அப்படி வேண்டாம்’ என்று சொல்லக்கூட மற்றவர்கள் அங்கே இல்லை. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பிளாக்கண்ட்’டில் இசையமைத்தவர்கள் வரிசையில் ஜேசன் பெயரும் இருக்கிறது. அதாவது அந்த ஆல்பத்தின் வாசற்கதவைத் திறந்த கைகளில் ஒன்று அவருடையது.

மிக்ஸிங் வேறு ஊரில், நியூயார்க் மாநிலத்தின் பேர்ஸ்வில் ஸ்டூடியோவில் நடந்தது. செய்தவர்கள் ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியேரோவும். அந்தச் சமயம் மெட்டாலிக்கா வேன் ஹேலனோடு ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ சுற்றுப்பயணத்தில் இருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச்சும் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கச்சேரிகளுக்கு இடையே பறந்து வந்து கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். அங்கே நடந்ததைத் தாம்சன் 2015-இல் ஒரு பேட்டியில் சொன்னார். லார்ஸ் வந்து பேஸைக் குறைக்கச் சொன்னாராம், கேட்டும் கேட்காத அளவுக்கு. தாம்சன் விளையாட்டென்று நினைத்தார். குறைத்தார். இன்னும் 5 டெசிபல் குறை என்றார் லார்ஸ். தாம்சன் திரும்பி, ‘இவர் நிஜமாகத்தான் சொல்கிறாரா?’ என்று ஹெட்ஃபீல்டைக் கேட்டார். குறைத்தது குறைத்ததாகவே நின்றது.

5 டெசிபல் என்றால் சின்ன எண் மாதிரி இருக்கும். டெசிபல் நேர்க்கோட்டுக் கணக்கில்லை. 5 டெசிபல் இறக்கினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஏற்கெனவே கேட்டும் கேட்காமலும் இருந்ததை மூன்றில் ஒன்றாக்கினால் மிஞ்சுவது என்ன? அதோடு இன்னொரு தொழில்நுட்ப விஷயமும் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் ஹெட்ஃபீல்டின் கிட்டார் அடிப்பக்கத்தில் மிகவும் கனமானது. ஜேசன் கிட்டாரின் ஸ்வரங்களையே ஒட்டி வாசித்தார். இரண்டு ஒலிகள் ஒரே இடத்தில் மோதினால் பலமானது பலவீனமானதை மூடிவிடும். ஆகவே ஃபேடரை அவ்வளவு இறக்காமல் விட்டிருந்தாலும் பேஸ் கொஞ்சம் அமுங்கித்தான் போயிருக்கும். சுற்றுப்பயண இரைச்சலில் எங்கள் காதே கெட்டுப்போயிருந்தது என்று ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். ஜேசனைப் பழிவாங்கவில்லை, நானும் ஜேம்ஸும் எங்கள் கருவிகளை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே போனோம், கடைசியில் பேஸ் காணாமல் போய்விட்டது என்கிற மாதிரி லார்ஸ் விளக்கம் தந்திருக்கிறார். ராஸ்முசென் மிக்ஸிங்கில் இல்லை. அவர் சொல்வதெல்லாம், அந்த பேஸ் பதிவைத் தனியாகக் கேட்ட சில பேரில் நான் ஒருவன், பிரமாதமான வாசிப்பு என்பதுதான்.

இந்த வாக்குமூலங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு விசித்திரமாகத் தோன்றுவது, எதுவும் முழுப் பொய்யாகத் தெரியவில்லை என்பது. காது கெட்டிருக்கலாம், அதிர்வெண் மோதியிருக்கலாம், சுயநலமும் உண்மையாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை ஒரு ஆல்பத்திலிருந்து அழித்திருக்கின்றன. ‘நான்தான் அழித்தேன்’ என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

அதே ஆல்பத்தில் ‘டு லிவ் இஸ் டு டை’ என்று கிட்டத்தட்ட 10 நிமிட இசை இருக்கிறது. கிளிஃப் விட்டுப்போன துண்டுகளை வைத்துக் கட்டியது. இசையமைப்பில் அவர் பெயரும் உண்டு. இறந்தவர் அங்கே முழுசாக இருக்கிறார், உயிரோடு வாசித்தவரைத்தான் காணோம். எனக்கு இதில் கோபம் வருவதில்லை, சங்கடமாக இருக்கிறது. செத்தவனுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்த குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா.

பெயர் வேறு ‘எல்லோருக்கும் நீதி’. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு முன்னால் சொல்லும் உறுதிமொழியின் கடைசிச் சொற்கள். அட்டையில் நீதி தேவதையைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், தராசுத் தட்டில் டாலர் வழியும். கயிற்றை இழுப்பவர்களின் முகம் படத்தில் இல்லை. இதை யாரும் திட்டமிட்டு வரைந்திருக்க முடியாது என்பதால்தான் அதைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

சரி, உலகம் எப்படி வரவேற்றது? 65 நிமிடம், 9 பாட்டு, வானொலியில் போடவே முடியாத நீளம். அப்படியும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனது. சட்டம், போர், கறுப்புப்பட்டியல் என்று பாடல்களின் விஷயமும் சிக்கலான அமைப்பும் பாராட்டப்பட்டன. ஒலி வறட்சியாக, மெல்லியதாக இருக்கிறது என்ற குறையும் கூடவே வந்தது. ஆனால் அந்த வறட்சிக்குள் ஒரு ஆள் புதைந்திருக்கிறான் என்பது ரொம்ப நாளைக்கு ரசிகர்களின் ஜோக்காக மட்டுமே இருந்தது. ரசிகர்கள் உண்மையில் கொதித்தது வேறொன்றுக்கு. 1989 கிராமி விருதில் முதல்முறையாக ஹார்ட் ராக், மெட்டல் பிரிவு ஒன்று வைத்தார்கள். மெட்டாலிக்காவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, புல்லாங்குழல் ஊதும் ஜெத்ரோ டல் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மெட்டாலிக்காவும் சளைக்கவில்லை, ஆல்பத்தின் மேல் ‘கிராமியில் தோற்றவர்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். இன்றைக்கும் மெட்டல் ரசிகனிடம் கிராமி அநீதியைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவான். நானும் பேசியிருக்கிறேன். நமக்குப் பிடித்தவனுக்கு வெளியாள் செய்யும் அநீதி உடனே கண்ணில் பட்டுவிடுகிறது. நமக்குப் பிடித்தவன் தன் வீட்டுக்குள் செய்வது பின்னணியில் போய்விடுகிறது, குறைந்த வால்யூமில்.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கும். மெட்டாலிக்காவில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். யூடியூபில் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்’ என்று ரசிகர்கள் பேஸைத் திருப்பிச் சேர்த்த வடிவங்கள் கிடக்கின்றன. கேட்டேன். நன்றாகத்தான் இருக்கின்றன, சூடாக, நிறைவாக. ஆனால் ‘ஒன்’ பாட்டு வந்ததும் எனக்குப் பழையது வேண்டியிருந்தது. டால்டன் டிரம்போவின் ‘ஜானி காட் ஹிஸ் கன்’ நாவலை ஒட்டிய பாட்டு அது. போரில் கை, கால், கண், காது, வாய் எல்லாம் போய், மூளை மட்டும் விழித்திருக்கும் சிப்பாய். அந்தப் பாட்டுக்கு அடித்தளம் இல்லாத அந்தக் குளிர்தான் பொருந்துகிறது. பேஸைச் சேர்த்தால் அவனுக்கு யாரோ போர்வை போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

அப்படியென்றால் நான் ரசிப்பது எதை? ஒருவனுக்குச் செய்த அநியாயத்தின் ஓசையையா?

இதை மாமாக் கடையில் நண்பர்களிடம் சொன்னபோது ஒருத்தன், “அப்போ நல்லதாப் போச்சுல்ல மச்சான், விட்டுத்தள்ளு” என்றான். இந்த ‘நல்லதாப் போச்சு’தான் எனக்கு ஒப்பவில்லை. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி ஓவியர் கோகனை முன்வைத்து ஒரு கேள்வி கேட்டார்: குடும்பத்தை விட்டுவிட்டு வரையப் போனவன் பெரிய ஓவியனாகிவிட்டால் அவன் செய்தது சரியாகிவிடுமா? அவனுக்கு அவன் வாழ்க்கை நியாயமாகலாம், ஆனால் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த நியாயத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்ற பக்கம்தான் அவர் வாதம் போகிறது. மெட்டாலிக்கா விஷயத்தில் அதுகூட இல்லை. கோகனாவது தெரிந்தே பணயம் வைத்தான். இவர்கள் குளிர்ந்த ஒலி வேண்டுமென்று ஜேசனை இறக்கவில்லை. இறக்கினார்கள், குளிர் தானாக வந்தது. தானாக வந்த நல்லதை வைத்து எந்தக் கடனை அடைப்பது? நான் ரசிப்பதில் குற்றமில்லை என்றுதான் நினைக்கிறேன். ரசித்த சுகத்தை ஜேசனின் கணக்கில் ஈடாக எழுதினால் அது தவறு.

ஜேசனே பேசவில்லையே என்பார்கள். நம் கதைகளில் நீதி கேட்க ஆராய்ச்சி மணியை யாராவது இழுக்க வேண்டும். மனுநீதிச் சோழனிடம் பசுவே வந்து இழுத்தது. ஜேசன் அன்று இழுக்கவில்லை. ஆல்பத்தை முதன்முதலில் கேட்டபோது நொறுங்கிப்போனதாக ரொம்பப் பின்னால்தான் சொன்னார். புதுப்பையன் எப்படி இழுப்பான்? கனவில் கண்ட குழுவில் இடம் கிடைத்திருக்கிறது, செத்தவனின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், சுற்றிலும் இருப்பவர்கள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் 14 வருடம் தாக்குப்பிடித்தார். 2001 ஜனவரியில் விலகினார். முக்கியமான காரணம், ‘எக்கோபிரெய்ன்’ என்ற தன் இன்னொரு குழுவின் இசையை வெளியிட ஹெட்ஃபீல்ட் விடாதது.

இதையெல்லாம் ஒரு ரசிகனாக மட்டும் எழுதியிருந்தால் லார்ஸைத் திட்டி முடித்திருப்பேன். என்னால் முடியவில்லை. இந்தக் கதையில் நான் அடையாளம் காணும் ஆள் லார்ஸோ ஜேசனோ இல்லை. ஃபேடரில் கை வைத்திருந்த தாம்சன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அடுக்குமாடி வீட்டில் ராத்திரியில் ஏதோ முனகுகிற சத்தம் வருகிறது என்று புகார். எங்கள் கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. கான்ட்ராக்டில் இருந்த ஒரு டெக்னீஷியன் அண்ணன், பகலில் சாலை இரைச்சல் இருக்கும் என்பதால், மூன்று வாரம் விடிகாலை 2 மணிக்கு மீட்டரோடு போய் அளந்தார். நான் பம்பைச் சந்தேகப்பட்டேன். அவர் பைப்பைப் பிடித்திருந்த ஒரு இரும்புப் பட்டை சுவரை நேராகத் தொடுவதைக் கண்டுபிடித்தார். நடுவில் ரப்பர் வைத்ததும் சத்தம் நின்றது. ரிப்போர்ட்டை நான் எழுதினேன், அவர் பெயரையும் போட்டு. மேலே இருந்தவர் படித்துவிட்டு, “கான்ட்ராக்ட் ஆள் பேரெல்லாம் எதுக்கு? கிளையண்ட் கேள்வி கேப்பான். எடுத்துரு. உன் பேரே போதும்” என்றார். எடுத்தேன். ‘சைட்டில் எடுத்த அளவுகளின்படி’ என்று மாற்றினேன். யார் எடுத்தது என்று இல்லாத வாக்கியம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இப்படி ஆளில்லாமல் எழுதுவது ரொம்பச் சுலபம்.

“தம்பி, ரிப்போர்ட் போயிருச்சா?” என்று ஒரு வாரம் கழித்து அவர் கேட்டார்.

“போயிருச்சுண்ணே.”

“ம்ம். ஒரு காப்பி அனுப்பு, பார்ப்போம்.”

அனுப்பவில்லை. மறந்த மாதிரி இருந்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் அவர் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. ரிப்போர்ட்டில் பெயர் இருந்திருந்தால் புதுப்பித்திருப்பார்களா என்றால், தெரியாது. அளவுகளை வைத்திருந்த எக்ஸெல் கோப்பைப் போன வருடம் வேறு வேலைக்காகத் திறந்தேன். ப்ராப்பர்ட்டீஸில் ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அதை அழிக்க எனக்குத் தோன்றாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜேசனின் பேஸும் அப்படித்தான் எங்கோ ஒரு டேப்பில் முழு வால்யூமில் இருக்கிறது.

தாம்சன் இன்னொன்றும் சொன்னார். 2009-இல் மெட்டாலிக்காவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஜேசனும் வந்து அவர்களோடு மேடையில் வாசித்தார். அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருந்த லார்ஸ், ‘ஜஸ்டிஸில் பேஸுக்கு என்னதான் ஆச்சு?’ என்று தாம்சனிடமே கேட்டாராம். தாம்சனுக்கு அடிக்கக் கை வந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. லார்ஸ் நடிக்காமல் நிஜமாகவே மறந்திருந்தால்? செய்யச் சொன்னவன் மறந்துவிடலாம். ஃபேடரை இறக்கிய விரலுக்கு மறக்காது போலிருக்கிறது. ஆனால் தாம்சனும் 27 வருடம் கழித்துத்தானே பேட்டியில் சொன்னார்.

2018-இல் ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிட்டார்கள். மிக்ஸிங்கைத் தொடவில்லை, பேஸ் வரவில்லை. இவை ஒரு காலத்தின் பதிவுகள், அப்படியே இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. ரசிகர்கள் பலர் திட்டினார்கள். நான் இந்த விஷயத்தில் பாதி மெட்டாலிக்கா பக்கம். சத்தமில்லாமல் பேஸை ஏற்றிவிட்டு, எப்போதும் இப்படித்தான் இருந்தது என்கிற மாதிரி விற்றால், அது இரண்டாவது அழிப்பு. அடுத்த தலைமுறைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆனால் ‘காலத்தின் பதிவு’ என்று சொல்லி நகர்வதும் சரியில்லை. பதிவு என்றால் என்ன நடந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு சாதாரண வழக்கம் உண்டு. எந்த ரிப்போர்ட்டுக்கும் முதல் பக்கத்தில் ஒரு ரிவிஷன் கட்டம் இருக்கும். பழையதைக் கிழித்துப் போட மாட்டோம். ரிவிஷன் எண், தேதி, என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதிப் புதியதை வெளியிடுவோம். பழையது ஃபைலில் இருக்கும், அதன் தவறோடு. ஒரு ஆல்பத்துக்கு அப்படி ஒரு கட்டம் இருந்தால் அதில் எழுத வேண்டியது நான்கைந்து சொல்தான். ஜேசன் அதைப் படித்து என்ன சொல்வார் என்பது அவர் இஷ்டம். மன்னிக்காமலும் இருக்கலாம்.

ரிப்போர்ட் என்றால் ரிவிஷன் போட அரை மணி நேரம்கூட ஆகாது. மேலே இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போட வேண்டியவன் இப்போது நான்தான். அண்ணன் ஜொகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி, எண் மாறவில்லை என்றால் என் போனில் இருக்கிறது. இதை எழுதத் தொடங்கிய இரவு அந்த ஃபைலைத் திறந்து கட்டத்தில் தேதி வரை தட்டினேன். ‘என்ன மாறியது’ என்ற இடத்தில் ஆளில்லாத வாக்கியம்தான் முதலில் வந்தது. அழித்தேன். ஹெட்போனில் ‘பிளாக்கண்ட்’ ஓடிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட் இன்னும் ரிவிஷன் 0-இல்தான் இருக்கிறது.